அக்கா அமுக்கிய பட்டன்

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பிழைக்கும் எங்கள் கூட்டத்துக்கு ஒரு ரகசிய மந்திரம் உண்டு. இரண்டே வார்த்தைதான். ‘யூசர் எரர்!’ அதாவது மெஷின் மேல் தப்பில்லை, புரோகிராம் மேல் தப்பில்லை, அதை எழுதிய மகானுபாவன் மேல் சத்தியமாகத் தப்பில்லை. உபயோகித்த ஆசாமிதான் அசடு! டாக்டருக்கு ‘வைரல் ஃபீவர்’ எப்படியோ, ஸ்கூட்டர் மெக்கானிக்குக்கு ‘கார்புரேட்டர்ல அடைப்பு’ எப்படியோ, அப்படித்தான் எங்களுக்கு இது. சொன்னால் எதிராளி வாயடைத்துப் போவார்.

இந்த மந்திரத்தை நான் கடைசியாக உச்சரித்தது 1997 நவம்பரில். அதற்கப்புறம் சொன்னதில்லை. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் வெட்கக்கேடான கதை.

திருச்சியில் ஒரு மொத்த மருந்துக் கடை. பெயர் வேண்டாம். சுற்றுவட்டாரத்தில் சுமார் 300 சில்லறைக் கடைகளுக்கு அங்கிருந்து சரக்கு போகும். எல்லாம் கடன்தான். யார் எவ்வளவு பாக்கி என்பதுதான் அந்த வியாபாரத்தின் உயிர்நாடி. அதற்கு ஃபாக்ஸ்ப்ரோவில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். எனக்கு அப்போது 26 வயது. தலைக்கனம் அதைவிட ஜாஸ்தி. நீலத் திரையில் மஞ்சள் எழுத்தில் மெனு வந்தால் எனக்கு அது தஞ்சாவூர் ஓவியம் மாதிரி தெரியும்.

அந்த ஓவியத்தின் முன்னால் தினமும் பத்து மணி நேரம் உட்கார்ந்தவர், கடையில் கணக்கு எழுதும் அக்கா. மூட்டை தூக்கும் பையனிலிருந்து முதலாளி சம்சாரம் வரை எல்லாருக்கும் அவர் ‘அக்கா’தான். எனக்கும். எஸ்.எஸ்.எல்.சி., டைப்ரைட்டிங் ஹையர். 17 வருஷம் பேரேட்டைக் கையால் எழுதியவர். கணவர் இல்லை. இரண்டு பெண் குழந்தைகள். அந்தச் சம்பளம் வந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

ஒரு சாயங்காலம் ஏழு மணிக்கு முதலாளியிடமிருந்து போன். “யோவ், உடனே வாய்யா! கம்ப்யூட்டர்ல ஒருத்தன் பாக்கியும் காணோம்!”

போய்ப் பார்த்தேன். உண்மைதான். 300 கடைக்காரர்களும் ஒரே நிமிஷத்தில் கடனில்லாத உத்தமர்களாகி இருந்தார்கள்!

நடந்தது இதுதான். என் மெனுவில் 6ஆம் எண், அன்றாடக் கணக்கை முடிப்பது. தினமும் ராத்திரி அமுக்க வேண்டியது. அதற்கு அடுத்த 7ஆம் எண், வருஷக் கணக்கை முடிப்பது. பழைய கணக்கு முழுவதையும் துடைத்துவிடும். பாக்கிகளை வேறு இடத்தில் எழுதிக்கொண்டோமா என்றுகூடப் பார்க்காது. வருஷத்துக்கு ஒரு தடவை, மார்ச் 31 அன்று மட்டும் தொட வேண்டிய பட்டன். எலி மருந்தையும் இருமல் டானிக்கையும் பக்கத்துப் பக்கத்துப் பாட்டிலில், ஒரே மாதிரி லேபிள் ஒட்டி வைத்திருந்தேன். அக்காவின் விரல் அன்றைக்கு ஒரு கட்டம் தள்ளி விழுந்துவிட்டது.

புரோகிராம் சும்மா விடவில்லை. ‘ஆர் யூ ஷூர்?’ என்று கேட்டிருக்கிறது. அக்கா ‘ஒய்’ தட்டியிருக்கிறார்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு மந்திரத்தைச் சொன்னேன். “யூசர் எரர் சார்.”

“கேட்டியாம்மா? உன் தப்புதானாம். வசூலாகாத பாக்கியெல்லாம் உன் சம்பளத்துலதான் பிடிப்பேன்” என்றார் முதலாளி. 300 கடையின் பாக்கி! ஏழு ஜென்மத்துச் சம்பளத்தில் பிடித்தாலும் தீராது.

அக்கா அழவில்லை, பதில் பேசவும் இல்லை. மேஜைக்கு அடியில் குனிந்து, காக்கி அட்டை போட்ட ஒரு நீள நோட்டை எடுத்து வைத்தார். தேதி, பில் நம்பர், கடை, தொகை, வரவு. எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில்.

“எதுக்கும் இருக்கட்டும்னு தினமும் எழுதிக்கிட்டு வந்தேன் தம்பி.”

கம்ப்யூட்டர் வந்தால் வேலை பாதியாகும் என்று சொல்லித்தான் அந்தப் புரோகிராமை விற்றிருந்தேன். அந்த அம்மாளுக்கு அது இரட்டிப்பாகியிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

மூன்று வாரத்துக்கு முந்தைய ஃப்ளாப்பி ஒன்று இருந்தது. மிச்சத்தை நோட்டைப் பார்த்து ஏற்ற வேண்டும். நான்கு ராத்திரி. அவர் படிப்பார், நான் அடிப்பேன். இரண்டாவது ராத்திரி பதினோரு மணி இருக்கும். டீ குடித்துக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா? இந்த மெஷினு ஒரு நாளைக்கு நாப்பது தடவை ‘ஆர் யூ ஷூர்’னு கேக்குது. பில்லு போட்டா கேக்குது, பிரிண்ட் எடுத்தா கேக்குது, வெளியே வந்தா கேக்குது. நாப்பது தடவையும் ஆமான்னாத்தான் வேலை நடக்குது. நாப்பத்தோராவது தடவை மட்டும் இல்லைன்னு சொல்லணும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

டீ தொண்டையில் நின்றது.

இன்னொரு விஷயம் அக்காவுக்குத் தெரியாது. ஃபாக்ஸ்ப்ரோவில் ‘டெலீட்’ என்று ஒரு கட்டளை உண்டு. அது உண்மையில் எதையும் அழிக்காது. ‘இது வேண்டாம்’ என்று ஓர் அடையாளம் மட்டும் போட்டுவைக்கும். ‘ரீகால்’ என்றால் திரும்ப வந்துவிடும். இன்னொரு கட்டளை ‘ஜாப்’. பட்டென்று எல்லாவற்றையும் துடைத்துவிடும், மீட்சியே கிடையாது. சோம்பேறித்தனத்தால் நான் போட்டிருந்தது ‘ஜாப்’. அந்தக் கட்டளையும் துடைப்பதற்கு முன் தன் பங்குக்கு எச்சரிக்கை செய்யும். அந்தத் தொந்தரவு வேண்டாம் என்று புரோகிராமின் முதல் வரியிலேயே ‘செட் சேஃப்டி ஆஃப்’ என்று எழுதியிருந்தேன். பாதுகாப்பை அணைத்து வை! நானே என் கையால் எழுதிய வரி.

மறுநாள் காலையில் முதலாளியிடம் போய், “தப்பு அக்கா மேல இல்லை சார், என் மேல” என்றேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, எனக்குத் தர வேண்டிய மீதிப் பணத்தில் கைவைத்தார். நியாயம்தான். அக்காவின் சம்பளம் தப்பித்தது.

ஒரு நாள் முதுகுக்குப் பின்னால்

அந்தப் பணம் போனதைவிட, அந்தக் கேள்விதான் என்னைக் குடைந்தது. ஒரு சனிக்கிழமை அக்காவின் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வாய் திறப்பதில்லை என்று சபதம். அன்றைக்குக் கற்றுக்கொண்டது, அதுவரை நான் படித்த எல்லாப் புத்தகத்தையும்விட அதிகம்.

மானிட்டரைச் சுற்றி ஒன்பது துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. ‘எஃப்-4 பேப்பர் மாத்தினப்புறம்’, ‘டாக்ஸ் வரலைன்னா எஸ்கேப் 2 தடவை’ என்றெல்லாம். ஒவ்வொரு சீட்டும் என் புரோகிராமில் இருந்த ஓர் ஓட்டை. அக்கா பாண்டேஜ் போட்டிருந்தார், அவ்வளவுதான்! கடைப் பெயரை அடித்து என்டர் தட்டினால் நாலு செகண்டுக்குத் திரை மௌனமாக இருக்கும். “எடுத்துக்கிச்சா இல்லையான்னே தெரியலையே” என்று இன்னொரு தடவை தட்டுவார். அதனால்தான் சில பில்கள் இரண்டிரண்டாக விழுந்தன. அதற்கும் நான் யூசர் எரர் என்றுதான் சொல்லியிருந்தேன்.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். என்னைப் போன்ற பாவிகள் உலகமெல்லாம் இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்து கொஞ்சம் ஆறுதல்!

1970களில் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக் கூடம். மௌஸ், ஜன்னல் ஜன்னலாகத் திரை என்று நாம் இன்று பார்க்கும் பலவற்றுக்கும் நாற்றங்கால் அதுதான். அங்கே ‘பிராவோ’ என்று ஒரு எழுத்துப் புரோகிராம் இருந்தது. படு கெட்டிக்காரப் புரோகிராம். ஆனால் அதற்கு இரண்டு மனநிலை. ஒன்றில் நீங்கள் அடித்தால் எழுத்து விழும். இன்னொன்றில் அடித்தால் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். எந்த மனநிலையில் இருக்கிறது என்பதை நீங்கள்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். மாமியாரின் மூடு மாதிரி.

ஒருவர் கட்டளை மனநிலையில் இருப்பதை மறந்து ‘எடிட்’ என்ற நாலெழுத்து ஆங்கில வார்த்தையை அடித்தால் என்ன ஆகும்? முதல் எழுத்து: எல்லாவற்றையும் தேர்ந்தெடு. இரண்டாவது எழுத்து: அழி. மூன்றாவது: இனி அடிப்பதைச் சேர். நாலாவது எழுத்து மட்டும் திரையில் தனியாக நிற்கும். எழுதியதெல்லாம் போச்சு!

அங்கே லாரி டெஸ்லர் என்று ஒருவர். இந்த இரட்டை மனநிலையை ஒழிப்பதையே வாழ்க்கை லட்சியமாக வைத்துக்கொண்டார். காரின் நம்பர் பிளேட்டிலேயே ‘நோ மோட்ஸ்’ என்று எழுதி வைத்திருந்தார் என்றால் பாருங்களேன்! அவரும் டிம் மாட் என்பவரும் ஒரு பாடப்புத்தகப் பதிப்பகத்தின் எடிட்டர்களுக்காக ‘ஜிப்ஸி’ என்ற புரோகிராமைச் செய்தார்கள். செய்வதற்கு முன், அந்த எடிட்டர்கள் காகிதத்தில் எப்படி வேலை செய்கிறார்கள் என்று போய்ப் பார்த்தார்கள். கத்தரிக்கோலால் வெட்டி, பசையால் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நாம் இன்று கண்ணை மூடிக்கொண்டு செய்கிற ‘கட் அண்ட் பேஸ்ட்’ அந்தப் பசை டப்பாவிலிருந்து வந்ததுதான். டெஸ்லர் 2020 பிப்ரவரியில், 74ஆவது வயதில் காலமானார். வெட்டி ஒட்டும் போதெல்லாம் அவருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போடலாம்.

மடையன் பட்டன்

டெஸ்லர் பின்னால் ஆப்பிளுக்குப் போனார். 1983இல் வந்த ‘லிசா’ கம்ப்யூட்டரைச் செய்துகொண்டிருந்த சமயம், புரோகிராம் எழுதத் தெரியாதவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பரிசோதித்தார்கள். கேள்விக் கட்டத்தில் ‘செய்’ என்று பொருள்படும் ‘டூ இட்’ பட்டன். ஒருவர் அதைத் தொடத் தயங்கினார், முகத்தில் எரிச்சல். என்ன என்று விசாரித்தால், ‘நான் என்ன மடையனா, இது ஏன் என்னை அப்படிக் கூப்பிடுகிறது’ என்று கேட்டிருக்கிறார்! நெருக்கி அச்சாகியிருந்த அந்த இரண்டு வார்த்தையும் அவர் கண்ணுக்கு ‘டோல்ட்’ என்று ஒரே வார்த்தையாகத் தெரிந்திருக்கிறது. இங்கிலீஷில் அதற்கு அர்த்தம் மடையன். உடனே பட்டனை ‘ஓகே’ என்று மாற்றினார்கள். இன்றைக்கும் நாம் தட்டுகிற ஓகேயின் பூர்வோத்தரம் இதுதான்.

கவனியுங்கள். அந்த ஆளிடம் ‘ஒழுங்கா படிய்யா’ என்று யாரும் சொல்லவில்லை. பட்டனைத்தான் மாற்றினார்கள்.

மைக்ரோசாஃப்டும் இந்தப் பாடத்தைப் படித்தது. விண்டோஸ் 95 தயாராகும் போது புதிதாக வந்தவர்களை உட்கார வைத்துப் பார்த்தார்கள். பலர் வெறும் திரையை முறைத்துப் பார்த்துக்கொண்டு, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். இரண்டு தடவை சொடுக்குவது ஒரு பெரிய கண்டம். ஒரு ஜன்னலின் மேல் இன்னொன்று வந்து மூடினால், அடியில் இருப்பது தொலைந்தே போய்விட்டதென்று நினைத்தார்கள். அதற்கு மருந்தாகத்தான் கீழே ஒரு பட்டையும், மூலையில் ‘ஸ்டார்ட்’ என்று ஒரு பட்டனும் வந்தன. 1995 ஆகஸ்ட் 24 அன்று அது கடைக்கு வந்தது. கம்ப்யூட்டரை நிறுத்தவும் ‘ஸ்டார்ட்’டைத்தான் அமுக்க வேண்டும் என்பது வேறு விஷயம். எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடுமா?

ஒரு வேடிக்கை. மௌஸை எவ்வளவு வேகமாக இழுத்தாலும் திரையின் மூலையில் போய் அது நின்றுவிடும், தாண்டாது. ஆகவே மூலைதான் சுலபமாகக் குறி வைக்கக்கூடிய இடம். பெரிய இலக்கும் பக்கத்து இலக்கும் சுலபம், சின்னதும் தூரமானதும் கஷ்டம் என்று பால் ஃபிட்ஸ் என்ற மனோதத்துவ நிபுணர் 1954லேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். ஆனால் அந்த ஸ்டார்ட் பட்டனுக்கும் மூலைக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி விட்டுவிட்டார்கள். மூலையில் அமுக்கினால் ஒன்றும் நடக்காது! பின்னால் வந்த பதிப்புகளில்தான் அதைச் சரிசெய்தார்கள்.

‘இதற்கெல்லாம் பெரிய கம்பெனிகளிடம் பணம் இருக்கிறது, நமக்கு ஏது?’ என்று கேட்கலாம். நானும் கேட்டேன். ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 2000ஆம் ஆண்டில் ஒரு கணக்குச் சொன்னார். ஐந்தே பேரை உட்கார வைத்துப் பார்த்தால் போதும், சுமார் 85 சதவீதக் கோளாறுகள் வெளியே வந்துவிடும் என்றார். ஐந்து பேர்! நம் வீட்டிலேயே ஆறு பேர் இருக்கிறார்களே? என் அம்மா, மாமியார், எதிர்வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் என்று ஆரம்பித்தேன். மாமியார் சொன்ன குறைகளை மட்டும் எழுதினால் தனிப் புத்தகம் போடலாம். அதில் பாதி கம்ப்யூட்டரைப் பற்றியது இல்லை.

நம் ஊர் உதாரணம்

நல்ல உதாரணத்துக்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். 1990களில் கம்ப்யூட்டரில் தமிழ் அடித்தவர்களைக் கேளுங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் எழுத்துரு, ஒரு விசைப்பலகை. ஓரிடத்தில் அடித்ததை இன்னோரிடத்தில் திறந்தால் பூரான் ஊர்ந்த மாதிரி இருக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதையொட்டி ‘தமிழ் 99’ விசைப்பலகையைத் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது.

அதில் உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. ‘அம்மா’ என்று அடிக்க வேண்டுமா? அ, ம, ம, ஆ. நான்கே தட்டு. முதல் ‘ம’வுக்குப் புள்ளி தானாக விழும். ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தால் முன்னதற்குப் புள்ளி உண்டு என்பது தமிழின் சுபாவம். அந்தச் சுபாவத்தை மெஷின் கற்றுக்கொண்டு நம் விரலின் வேலையைக் குறைக்கிறது. மெஷினுக்காக மனுஷன் வளைவதா, மனுஷனுக்காக மெஷின் வளைவதா என்ற கேள்விக்கு இதைவிட அழகான பதிலை நான் பார்த்ததில்லை.

அக்காவின் புரோகிராமுக்கு வருகிறேன். அந்த டிசம்பரில் அதைத் திருப்பி எழுதினேன். நாற்பது கேள்வியில் முப்பத்தெட்டைத் தூக்கினேன். அழிப்பது எதுவானாலும் முதலில் ‘டெலீட்’ அடையாளம் மட்டும்தான். ஒரு மாதம் வரை ‘திரும்ப எடு’ என்று அமுக்கினால் வந்துவிடும். வருஷக் கணக்கு முடிக்கும் வேலை, மெனுவை விட்டே வெளியேறித் தனி இடத்துக்குப் போயிற்று. அங்கே ‘ஒய்’, ‘என்’ எல்லாம் கிடையாது. ‘300 கடைகளின் கணக்கு அழியும்’ என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, வருஷத்தை எண்ணால் அடிக்கச் சொல்லும். தேடும்போது ‘தேடிக்கொண்டிருக்கிறேன்’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரியிலேயே இரட்டை பில்கள் நின்றன.

இதெல்லாம் என் கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள். லிசாவிலேயே குப்பைத்தொட்டி இருந்தது. போட்டதைத் திரும்பப் பொறுக்கலாம். மனுஷன் தப்புச் செய்வான், அதனால் மிரட்டாதே, திரும்பி வர வழி வை என்பதுதான் அதன் தத்துவம். இலவச மென்பொருளான க்னோம்காரர்களும் 2002இல் இதற்கெல்லாம் ஒரு வழிகாட்டிப் புத்தகமே எழுதினார்கள். அவர்களுடைய அன்றைய எழுத்துப் புரோகிராமை மூடப் போனால், மொட்டையாக ஆமா, இல்லையா என்று கேட்கவில்லை. ‘சேமிக்காவிட்டால் கடைசிப் பத்து நிமிஷ வேலை போய்விடும்’ என்று சொன்னது. பட்டன்களிலும் ‘சேமி’, ‘சேமிக்காமல் மூடு’ என்றே இருந்தது. என்ன நஷ்டம் என்று சொல்லிவிட்டுக் கேட்பதுதானே மரியாதை?

இன்றைக்கு எல்லாம் சரியாகிவிட்டதா? எங்கே! பட்டன் எது, வெறும் எழுத்து எது என்று தெரியாத திரைகள் வந்துவிட்டன. நேற்று இருந்த இடத்தில் இன்றைக்கு மெனு இல்லை. கேட்டால் ‘அப்டேட்’. நம் வீட்டில் யாராவது ராத்திரியோடு ராத்திரியாகச் சமையலறையை மாற்றி அடுக்கிவிட்டு, காலையில் ‘புது வடிவமைப்பு, ரசியுங்கள்’ என்றால் விடுவோமா?

வாசகர்களுக்கு மூன்றே வார்த்தை. ஒன்று, எதையாவது தப்பாகச் செய்துவிட்டால் பதற வேண்டாம். கன்ட்ரோலையும் ‘இசட்’டையும் சேர்த்து அமுக்குங்கள், பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். இரண்டு, கேள்வி புரியவில்லையா, ‘கேன்சல்’. அது யாரையும் கெடுத்ததில்லை. மூன்று, ‘எனக்கு கம்ப்யூட்டர் வராதுங்க’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 17 வருஷம் ஒரு பைசா பிசகாமல் பேரேடு எழுதிய அக்காவும் என் புரோகிராமுக்கு முன்னால் அதைத்தான் சொன்னார். வராதது யாருக்கு என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

அக்கா எழுபதைத் தாண்டிவிட்டார். இப்போது மூத்த மகள் வீட்டில். பேரனின் பழைய கம்ப்யூட்டரில் வீட்டு வரவுசெலவு எழுதுகிறார். போன மாதம் போன் செய்தார்.

“தம்பி, ஒரு கட்டம் வந்து ‘ஆர் யூ ஷூர்’னு நிக்குது. நீ எழுதினதா?”

“சத்தியமா நான் இல்லைக்கா! நீங்க எதையும் அமுக்கலையே?”

“இல்லைப்பா. முதல்ல எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சுட்டேன். இப்ப அமுக்கலாமா?”